குருதிப் புரதங்களில் ஒட்சிசன் பதிக்கும் வடு

ஒட்சிசனைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய யோசேப்பு பிறீசிலி, தாம் 1774 ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்த அப்புது வாயுவைப் பின்னர்த் தாமே சுவாசித்தும் பார்த்தார். நெஞ்சு இலேசானது போன்றதோர் உணர்ச்சி அவருக்கு உண்டாயிற்று. ஆயினும் அவர் உள்ளத்தில் ஓர் ஐயமும் எழுந்தது. இவ்வாயுவினுள்ளே வைத்த மெழுகுதிரி சாதாரண வளியில் எரிவதிலும் விரைந்து எரிந்து தீர்கின்றதே. உயிர்களும் இதனுள்ளே அவ்வாறே விரைந்து வாழ்ந்து தீர்ந்துவிடுமோ என்பதே அவ்வையம். இதற்கு விடை காண ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன.

விடை தெரியவந்த வழி துன்பமானது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் சிலரின் கண்வில்லைக்குப் பின்னே வெண்படலம் தோன்றிப் பார்வை அழிவதை 1942 ஆம் ஆண்டிலே போஸ்ரன் நகரக் கண் மருத்துவர் ரெரி என்பார் விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு குருடாயினர். வறிய நாடுகளிலன்றிச் செல்வ நாடுகளின் மிகச்சிறந்த மருத்துவமனைகளிலேயே இந்நோய் மலிந்திருந்தமை பலரையும் திகைக்க வைத்தது. பல மருத்துவமனைகள் ஒருங்கு சேர்ந்து நடாத்திய ஆய்வொன்று, 1954 அளவில், காரணம் குழந்தைகளின் பேழைகளுட் குறைவின்றி வழங்கப்பட்ட ஒட்சிசனே என்பதை ஐயமற நாட்டியது. அன்பினால் மிகுதியாக ஊட்டப்பட்ட உயிர்வாயுவே கண்ணைப் பறித்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் கொடிய சான்று காண்டல் அரிது.

அதே 1954 ஆம் ஆண்டில், ஆசந்தீனாவிற் பிறந்த ரெபெக்கா கெர்ஷ்மன் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் துணைவரும், மிகையான ஒட்சிசன் உடலுக்கு இழைக்கும் கேடும் எக்சுக் கதிர் இழைக்கும் கேடும் ஒரே பொறிமுறையால் நிகழ்வன என்று எடுத்துக் காட்டினர். இரண்டிலும் குற்றவாளிகள் சுயாதீன மூலிகங்கள் எனப்படுவனவே. 1956 இல் டெனம் ஆர்மன் என்பார் இன்னும் ஒருபடி மேலே சென்று, முதுமையடைதலே இம்மூலிகங்களின் வேலையென்று ஒரு கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கை முழுவதும் ஏற்கத்தக்கதா என்பது இன்றுவரை வழக்காடப்படுகின்றது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அதனினும் சிறியது, ஆனால் உறுதியாக ஆராயத்தக்கது. உடலில் ஒட்சிசன் இழைக்கும் கேட்டை அளந்தறிய முடியுமா? முடியுமாயின், ஒருவரின் குருதித் துளியைக் கொண்டு அதைச் செய்யலாமா?

முதலில் மூலிகம் என்பது யாதென அறிதல் வேண்டும். ஒரு மூலக்கூறில் இலத்திரன்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாய் இணைந்தே இருக்கும். துணையற்ற தனி இலத்திரனொன்றைத் தாங்கி நிற்கும் மூலக்கூறு சுயாதீன மூலிகம் ஆகும். அது தன் குறையை நிரப்ப அயலிலுள்ள மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது தான் மூலிகமாகும். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனின் பெரும்பகுதி கலங்களின் இழைமணிகளிலே நான்கு இலத்திரன்களை ஏற்று நீராக மாறுகின்றது. ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ஓர் இலத்திரனே கிடைக்கின்றது. அவ்வாறு பிறப்பதே சுப்பரொட்சைட்டு மூலிகம். இதனை அழிப்பதற்கென்றே ஒரு நொதியம் நம் குருதிச் செங்குழியங்களில் உண்டென்பதை 1969 ஆம் ஆண்டிலே மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர் டியூக் பல்கலைக்கழகத்திற் கண்டனர். அந்நொதியமாகிய செம்பு கலந்த புரதம் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தூய்மையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் தொழில் யாதென்பதுதான் எவருக்கும் தெரியாதிருந்தது. ஒரு பகைவனை வெட்டுதற்கென்றே உடல் வாளொன்றை வைத்திருக்கின்றதாயின், அப்பகைவன் உள்ளே உலாவுகின்றான் என்பது தெளிவன்றோ?

சுப்பரொட்சைட்டு அழியும்போது ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது. அதுவும் வேறு நொதியங்களால் நீக்கப்படுவதுதான். ஆயினும் நீக்கப்படுமுன் அது இரும்பு அயனொன்றைச் சந்திக்குமாயின், ஐதரொட்சில் மூலிகம் என்னும் கொடியதொன்று பிறக்கும். கேம்பிரிட்சில் வாழ்ந்த பென்ரன் என்னும் இரசாயனர் 1894 இல் வெளியிட்ட தாக்கத்தின் பெயராலேயே இது இன்றும் அறியப்படுகின்றது. ஐதரொட்சில் மூலிகம் தொலைதூரம் செல்வதில்லை. பிறந்த இடத்திலேயே, எதிர்ப்பட்டதைத் தாக்கி மடியும். உடலில் நீருக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பன புரதங்கள். ஆதலின் அடிபடுவனவும் பெரும்பாலும் அவையே.

புரதம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்திற் பணியாற்றிய ஏள் ஸ்ராட்மனும் அவருடன் உழைத்த ரொட்னி லெவின், ஒலிவர் முதலியோருமாவர். வேடிக்கை யாதெனில், அவர்கள் முதுமையையோ நோயையோ ஆராயத் தொடங்கினாரல்லர். பற்றீரியங்களில் நைதரசன் உணவைச் சேர்க்கும் ஒரு நொதியம், வேண்டாத காலத்தில் எவ்வாறு மறைகின்றது என்பதே அவர்கள் எடுத்த வினா. அந்நொதியம் முதலிலே இரும்பாலும் ஒட்சிசனாலும் ஒட்சியேற்றப்பட்டுச் செயலிழந்து, அதன் பின்னரே புரதச் சிதைப்பு நொதியங்களால் விழுங்கப்படுகின்றது என்று 1981 இல் அவர்கள் கண்டனர். ஒட்சியேற்றம் அப்புரதத்தின்மீது இடப்பட்ட ஓர் அடையாளமாகவே அமைந்தது. அவ்வடையாளங்களுள் ஒன்று காபனைல் கூட்டம். அதாவது ஒரு காபனணுவும் ஒரு ஒட்சிசனணுவும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கூட்டம்.

ஒட்சிசன் புரதங்களில் இடும் வடு ஒரே வகையினதன்று. மெதியோனீன் என்னும் அமினோவமிலத்திலுள்ள கந்தகம் ஓர் ஒட்சிசனை எளிதில் ஏற்கும். இதனை மீளத் தாழ்த்திச் சரிசெய்யும் நொதியம் கலங்களில் உண்டு. சிசுத்தீனின் கந்தகமும் அவ்வாறே எளிதிற் பாதிக்கப்படும். அதன் தொடக்க மாற்றங்கள் மீளுவன, முற்றிய மாற்றங்கள் மீளாதன. தைரோசீன் வளையத்திலே குளோரினோ நைத்திரோக் கூட்டமோ ஏறலாம். இலைசீன், ஆர்சினீன், புரோலீன், திரியோனீன் என்பவற்றின் பக்கச் சங்கிலிகள் உடைந்து காபனைலாகலாம். இக்கடைசி வகை மாற்றத்தைச் சரிசெய்யும் வழி உடலில் இல்லை. புரதம் அழிக்கப்பட்டாலன்றி அவ்வடு நீங்குவதில்லை. அளப்போருக்கு இதுவே பெரும் வசதி. மறைந்துபோகும் அடையாளத்தை அளப்பதிலும் நிலைத்து நிற்பதை அளப்பது எளிதன்றோ.

இவை வெறும் இரசாயன விநோதங்கள் என்று எவரும் எண்ணுதல் கூடாது. அல்பா-1-அன்ரிரிப்சின் என்றொரு புரதம் நம் குருதியிலே ஓடுகின்றது. வெண்குழியங்கள் கக்கும் ஒரு சிதைப்பு நொதியம் சுவாசப்பையின் மீள்தன்மையுள்ள இழைகளைக் கரைத்துவிடாதபடி அது காக்கின்றது. அப்புரதச் சங்கிலியின் 358 ஆம் இடத்தில் ஒரு மெதியோனீன் உள்ளது. அந்த ஓர் அமினோவமிலம் ஒட்சியேறினாற் போதும், காவல் தளர்ந்துவிடும். புகையிலைப் புகை இதனைச் செய்யவல்லது. பல ஆண்டுகள் புகைப்போரின் சுவாசப்பையில் நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, மூச்சு வாங்கி, நாலடி நடக்கவும் இயலாது போவதற்கு இது காரணங்களுள் ஒன்றென்று கருதப்படுகின்றது. நூற்றுக்கணக்கான அமினோவமிலங்களைக் கொண்ட சங்கிலியில் ஒன்றே ஒன்றின்மீது ஏறிய ஓர் ஒட்சிசன் அணு மனிதனின் மூச்சைத் திருடுகின்றது.

இனி, குருதியை ஏன் தேர்ந்தெடுக்கின்றோம் என்பதைக் காண்போம். ஈரலிலோ மூளையிலோ இருதயத்திலோ நிகழும் கேட்டை நேரே அளக்க வேண்டுமாயின் அவ்வுறுப்பின் துண்டொன்று வேண்டும். உயிருள்ள மனிதரிடம் அதைக் கேட்டல் எளிதன்று. குருதியோ எல்லா உறுப்புக்களினூடும் சென்று வருவது. கலங்களை நீக்கியபின் எஞ்சும் வெளிர்மஞ்சள் திரவமாகிய திரவவிழையத்திலே லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 70 கிராம் புரதம் உண்டு. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஈரல் ஆக்கும் அல்புமின். 585 அமினோவமிலங்களாலான அல்புமின் மூலக்கூறு ஏறத்தாழ 19 நாள் அரைவாழ்வுடையது. ஆகவே அது பல வாரங்களாக உடலெங்கும் சுற்றிப் பட்ட அடிகளையெல்லாம் தன்மேற் சுமந்து வரும் தூதனைப் போன்றது. இவ்வாறு உடலின் ஒரு நிலையை வெளிப்படுத்த அளந்தறியத்தக்க பொருளையே உயிர்க்குறிகாட்டி என்பர். காய்ச்சலுக்கு வெப்பமானி காட்டும் அளவு எத்தகையதோ, அத்தகையது இது. அல்லது, அத்தகையதாதல் வேண்டும் என்பது அறிஞரின் ஆசை.

காபனைலை அளக்கும் முறை நம் மாணவர்க்கு அயலானதன்று. உயர்தர வகுப்பில் இரசாயனம் பயில்வோர், அல்டிகைட்டு கீற்றோன்களைக் கண்டறிவதற்குப் பிரேடியின் சோதனைப் பொருளைப் பயன்படுத்துவர். 2,4-இருநைத்திரோபீனைலைதரசீன் என்னும் நெடும்பெயருடைய அப்பொருளைச் சேர்த்ததும் செம்மஞ்சள் நிற வீழ்படிவு தோன்றும். பிரேடியும் எல்சுமி என்பாரும் இதனை 1926 இல் அறிமுகம் செய்தனர். லெவினும் அவர்தம் துணைவரும் புரதத்திற் கேடுற்ற இடத்தை எண்ணுதற்குக் கையாண்டதும் இதுவே. 1990 இல் அவர்கள் விரித்தெழுதிய முறைகளே இன்றும் ஆய்வுகூடங்களில் அடிப்படையாய் நிற்கின்றன. பள்ளிக்கூட மேசையிலிருக்கும் ஒரு போத்தல் முதுமையின் ஆராய்ச்சிக்குக் கருவியாயிற்று என்பதை எண்ணும்போது மகிழ்ச்சி பிறக்கின்றது.

முறை இது. திரவவிழையத்தின் ஒரு சிறு பங்கோடு, ஐதரோகுளோரிக்கமிலத்திற் கரைத்த சோதனைப் பொருளைச் சேர்த்து, இருளில் ஒரு மணி நேரம் விடுவர். இடையிடையே குலுக்குவர். வேறொரு குழாயில், அதே அளவு திரவவிழையத்தோடு சோதனைப் பொருளில்லாத வெறும் அமிலத்தைச் சேர்த்து வைப்பர், இது ஒப்பீட்டுக்கு. பின்னர் முக்குளோரோவசற்றிக்கமிலத்தைச் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகும். மையநீக்கியிற் சுழற்றி வீழ்படிவைப் பிரித்து, எதனோலும் எதையில் அசற்றேற்றும் சம அளவிற் கலந்த கரைப்பானால் மும்முறை கழுவுவர். புரதத்தோடு சேராது தங்கிய சோதனைப் பொருள் இவ்வாறு கழுவப்பட்டுப் போகும். கடைசியிற் செறிந்த குவானிடீன் கரைசலிலே புரதத்தைக் கரைத்து, ஏறத்தாழ 370 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளியுறிஞ்சலை அளப்பர்.

கணக்கையும் ஒருமுறை செய்து பார்த்தல் நன்று. அவ்வலைநீளத்திற் காபனைலோடு சேர்ந்த சோதனைப் பொருளின் மூலர் உறிஞ்சற்குணகம் 22,000 எனக் கொள்ளப்படுகின்றது. ஒரு மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம் புரதமுள்ள கரைசலொன்றின் உறிஞ்சல், ஒப்பீட்டுக் குழாயின் உறிஞ்சலைக் கழித்தபின், 0.022 என்று வைத்துக்கொள்வோம். இதனை 22,000 ஆற் பிரிப்பின் லீற்றருக்கு ஒரு மூலின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அஃதாவது மில்லிலீற்றருக்கு 1 நனோமூல். 2 மில்லிகிராமால் வகுக்க, மில்லிகிராம் புரதத்துக்கு அரை நனோமூல் காபனைல் என்றாகும். நலமுள்ளோரின் திரவவிழையத்தில் இம்முறையாற் பெறப்படும் பெறுமானங்கள் ஏறக்குறைய இவ்வளவினவே. இதன் பொருள் யாது? புரதமெல்லாம் அல்புமினே என்று கொண்டால், ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 15 நனோமூல் அல்புமின் இருக்கும். ஆகவே முப்பது மூலக்கூறுகளுக்கு ஒன்றிலேயே ஒரு காபனைல் இருக்கின்றது. மற்றை இருபத்தொன்பதும் இவ்வகையில் வடுவற்றவை.

இக்கணக்கிலிருந்து இன்னொன்றும் புலனாகும். 0.022 என்பது மிகச் சிறிய உறிஞ்சல். கழுவுதலிற் சிறிது குறை நேர்ந்து ஒட்டிக்கொண்ட சோதனைப் பொருள் எஞ்சினும், மையநீக்கியபின் ஊற்றும்போது வீழ்படிவிற் சிறிது போயினும், விடை பன்மடங்கு பிறழும். குருதி எடுக்கையிற் செங்குழியங்கள் உடைந்து ஈமோகுளோபின் கலந்திருந்தால் அதன் நிறமும் அவ்வலைநீளத்தையண்டி ஒளியை உறிஞ்சும். இழையங்களை அரைத்து அளப்போருக்கு நியூக்கிளிக்கமிலங்களும் தொல்லை தரும். அவற்றை ஸ்ரெப்ரோமைசின் உப்பைக்கொண்டு முன்கூட்டியே வீழ்த்துவர். 1997 இல் நியூசீலாந்தின் கிறைஸ்சேர்ச் நகர ஆய்வாளர், சோதனைப் பொருளை இனங்காணும் பிறபொருளெதிரியைக் கொண்டு மிகச்சிறிதளவு புரதத்திலேயே காபனைலை அளக்கும் முறையை அமைத்தனர். கடும் நோயுற்றுத் தீவிர சிகிச்சையில் இருந்தோரின் குருதியிலே காபனைல் மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். புரதங்களை மின்புலத்திற் பிரித்து ஒவ்வொன்றாக நோக்கும் முறையும் உண்டு. அம்முறையால், குருதி உறைதற்குதவும் பைபிரினோசன் அல்புமினிலும் மிக எளிதாக ஒட்சியேறுகின்றது என்பது 1994 இல் தெரியவந்தது.

இனித்தான் தொல்லை தொடங்குகின்றது. ஒன்றை அளக்க முடிகின்றதென்பது வேறு. அளந்த எண் ஒரு நோயாளியைப் பற்றி உண்மை பேசுகின்றதென்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க, வெற்றிபெற்ற குறிகாட்டி ஒன்றோடு ஒப்பிடல் தகும்.

நீரிழிவு நோயாளரின் ஈமோகுளோபினிலே அசாதாரணமானதொரு பகுதி மிகுந்திருப்பதை 1968 இல் தெகிரான் நகரிலே சாமுவேல் ரகுபார் கண்டார். குளுக்கோசு தானாகவே ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதன் விளைவு அது. செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதாதலால், அதில் ஒட்டிய குளுக்கோசு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் வெல்ல நிலையைச் சொல்லிவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்றல் இயலாது. 1993 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 1,441 நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, இவ்வளவைக் குறைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு என்பவற்றின் கேடும் குறையும் என்று நிறுவினர். ஆய்வுகூடங்கள் எல்லாம் ஒரே விடையைத் தருமாறு பொது நியமங்கள் வகுக்கப்பட்டன. 2011 இல் உலக சுகாதார தாபனம் 6.5 சதவீதத்தை நோய் நிர்ணயத்துக்குரிய எல்லையாக ஏற்றது. கண்டுபிடிப்பிலிருந்து இவ்வேற்புவரை 43 ஆண்டுகள் சென்றன என்பதை நோக்குக.

அங்கே தாக்கம் ஒன்று, புரதம் ஒன்று, அளக்கும் இடம் அப்புரதச் சங்கிலியின் ஒரு நுனி, சங்கிலியைச் சுமக்கும் குழியத்தின் ஆயுளும் தெரிந்தது. காபனைலிலோ எல்லாம் பல. குருதிப் புரதங்கள் பல. ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. வடுப்படும் இடங்களும் பல. அதனினும் மேலாக, காபனைல் எல்லாம் ஒட்சிசன் நேரே தாக்கியதால் வந்தவையல்ல. கொழுப்புக்கள் ஒட்சியேறிச் சிதையும்போது பிறக்கும் அல்டிகைட்டுக்கள் புரதத்தில் ஒட்டிக்கொண்டாலும் காபனைல் தோன்றும். வெல்லங்கள் ஒட்டினாலும் தோன்றும். புகையிலைப் புகையிலுள்ள அல்டிகைட்டுக்களும் நேரே வந்து ஒட்டும். திரவவிழையத்தைப் புகையிற் காட்டினாற் காபனைல் மிகுதற்குப் பெருங்காரணம் இதுவே. ஆகவே நீரிழிவுள்ள ஒருவர் புகைப்பவராகவும் இருந்து, அவர் குருதியிற் காபனைல் உயர்ந்திருந்தால், அவ்வுயர்வுக்கு எது எவ்வளவு காரணம் என்று அவ்வெண்ணே சொல்லாது. வீட்டில் யாரோ புகுந்தார் என்று மட்டும் சொல்லும் காவல் நாய் அது. புகுந்தவன் கள்வனா, உறவினனா என்று அது சொல்வதில்லை.

இக்குறிகாட்டியின் திறத்தை நேர்மையோடு சோதித்த ஒரு பேராய்வைக் குறிப்பிடாது விடலாகாது. அமெரிக்கச் சுற்றாடற் சுகாதார அறிவியல் நிறுவனத்தார் பல ஆய்வுகூடங்களைச் சேர்த்து நடாத்தி, 2005 இல் அதன் ஒரு பெரும் பகுதியை வெளியிட்டனர். காபன் நாற்குளோரைட்டு என்னும் நஞ்சை எலிகளுக்கு ஊட்டினால் ஈரலில் மூலிகங்கள் பெருகுவது உறுதி. ஊட்டியபின் 2, 7, 16 மணி நேரங்களிற் குருதியும் சிறுநீரும் எடுத்து, அந்நாளில் வழங்கிய குறிகாட்டிகள் பலவற்றையும் அளந்தனர். கேடு நிகழ்ந்தது என்பது முன்னமே தெரியும். எக்குறிகாட்டி அதைச் சொல்கின்றது என்பதே கேள்வி. கொழுப்பு ஒட்சியேறுவதாற் பிறக்கும் மலோனிருவல்டிகைட்டும் ஐசோபுரொசுத்தேன்களும் தேர்ச்சி பெற்றன. நியூக்கிளிக்கமிலச் சிதைவுப் பொருளொன்றும் சிறுநீரில் ஓரளவு தேறியது. குருதிப் புரதக் காபனைலோ, மெதியோனீன் மாற்றமோ, தைரோசீன் விளைபொருள்களோ அத்தகைய தேர்ச்சி பெறவில்லை.

இதனாற் புரதக் குறிகாட்டி பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடித்தல் அவசரமாகும் என்பது என் கருத்து. ஈரலில் ஒரு சில மணி நேரத்தில் நிகழ்ந்த கேட்டை, குருதி முழுதும் நிரம்பியுள்ள, பல நாட்களில் ஆக்கப்பட்ட பெரும் புரதச் சேமிப்பிலே தேடுவது, குளமொன்றில் ஒரு குடம் சாயத்தை ஊற்றிவிட்டு நீரின் நிறத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். நெடுங்காலம் நீடிக்கும் நோய்களிலே நிலைமை வேறாகலாம். ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. புரத ஒட்சியேற்ற அளவு சாதாரணமாக இருப்பதால் உடலில் ஒட்சியேற்றக் கேடு இல்லை என்று எவரும் சொல்லலாகாது.

அளப்போர்க்குள்ளேயே ஒற்றுமையில்லை என்பதும் வெளிப்பட்டது. எலியீரற் புரதத்தை ஊதா கடந்த கதிரில் 0, 5, 15 நிமிடங்கள் வைத்து, உலர்த்தி, ஐரோப்பாவின் ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர். அதன் முடிபு 2015 இல் வெளியாயிற்று. ஐந்து நிமிடத்திற் காபனைல் மிகுந்தது என்பதில் முறைகள் ஒத்தன. பதினைந்து நிமிடமான மாதிரியிலோ, ஆய்வுகூடங்களிற் பாதி, ஐந்து நிமிட மாதிரியிலும் குறைவான ஒட்சியேற்றத்தையே கண்டன. அனைவர்க்கும் பொதுவான நியமப் பொருளொன்று இல்லாத குறை இங்கே தெரிகின்றது. இழைப்புக்கு இழைப்பு முழக்கோல் மாறுமாயின் தச்சன் கதவு செய்வது எங்ஙனம்?

சிறுநீரக நோயைப் பற்றியும் ஒரு சொல். பாரிசு நகர நெக்கர் மருத்துவமனை ஆய்வாளர் 1996 இல், சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியிலே முற்றிய ஒட்சியேற்றப் புரத விளைபொருள்கள் என்று தாம் பெயரிட்டவற்றை 340 நனோமீற்றரில் எளிதாக அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். எளிமையின் பொருட்டு அது உலகெங்கும் பரவிற்று. பின்னரோ, அம்முறை காட்டும் அளவிற் பைபிரினோசன் பெரும்பங்கு கொள்கின்றது என்பதும், குருதியிற் கொழுப்பு மிகுந்து கலங்கலாயிருப்பின் விடை பிறழும் என்பதும் புலனாயின. எளிய முறைகளுக்கு இவ்வாறு பின்னாலே விலை கொடுக்க நேர்வது இத்துறையிற் புதிதன்று.

இவையெல்லாம் ஆய்வுகூடத்து அறிஞரின் உட்பூசல்தானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஒட்சியேற்றத்தைத் தடுப்பன என்று சொல்லி விற்கப்படும் வில்லைகள் இன்று மருந்துக்கடைகள்தோறும் நிரம்பியுள்ளன. ஒட்சியேற்ற அழுத்தத்தை அளந்து தருவோம் என்று பணம் பெறும் நிலையங்களும் பல நாடுகளில் உண்டு. பின்லாந்திலே புகைக்கும் ஆடவர் 29,133 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குப் பீற்றா கரோட்டீன் கொடுத்துப் பார்த்தனர். நன்மையை எதிர்பார்த்துச் செய்த அவ்வாய்வு 1994 இல் வெளிவந்தபோது, அதைப் பெற்றோரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த அதுபோன்ற இன்னொரு ஆய்வு, இதே போக்குத் தென்பட்டதால் 1996 இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. மருந்து உடலினுள்ளே எதைத் தடுத்தது, எதைத் தூண்டியது என்று அன்றன்று அளந்தறியத்தக்க நம்பத்தகுந்த அளவுகோல் ஒன்று கையில் இருந்திருந்தால், அத்தனை மனிதர் நோயுற்ற பின்னரே விடையை அறியவேண்டிய நிலை நேர்ந்திராது. அளவுகோலின்றி மருந்து விற்போரிடத்திலும், அதனைச் சோதியாது வாங்குவோரிடத்திலும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

ஆய்வாளர் இப்போது செல்லும் வழி, புரதங்கள் அனைத்தினதும் காபனைலைக் கூட்டியெண்ணுவதை விட்டு, ஒரு புரதத்தில் ஓர் இடத்தை உற்று நோக்குவதாகும். நீரிழிவுக் குறிகாட்டி கற்பித்த பாடம் அது. நடுநிலைநாடி என்னும் வெண்குழியங்கள் கிருமிகளைக் கொல்ல மயெலோபேரொட்சிடேசு என்னும் நொதியத்தாலே உபகுளோரசமிலத்தை ஆக்குகின்றன. நாம் துணி வெளுக்கும் திரவத்தோடு நெருங்கிய உறவுடைய பொருள் அது. அது தைரோசீனைத் தாக்கினாற் குளோரோதைரோசீன் உண்டாகும். குளோரினைச் சுமந்த அவ்வடுவைக் கண்டால், இடித்தவர் யாரென்பது தெரிந்துவிடுகின்றது. திணிவு நிறமாலைமானி கொண்டே இதனை நம்பகமாக அளத்தல் கூடும். கருவி விலையுயர்ந்தது, அளவோ மிகச் சிறியது.

மற்றொன்று, அல்புமினின் 34 ஆம் இடத்துச் சிசுத்தீன். அல்புமினில் 35 சிசுத்தீன்கள் உள. அவற்றில் 34, இரண்டிரண்டாய்ப் பிணைந்து 17 பாலங்களாக நிற்கின்றன. எஞ்சிய ஒன்று மட்டும் தனித்து, கந்தகம் திறந்தபடி இருக்கின்றது. நலமுள்ளோரில் இதன் நான்கில் மூன்று பங்களவு தாழ்த்திய நிலையிலேயே இருக்கும். மீதியிற் பெரும்பகுதி வேறொரு சிசுத்தீனையோ குளுத்தாதயோனையோ கைப்பிடித்திருக்கும். மிகச் சிறு பங்கே மீளாதவாறு ஒட்சியேறியிருக்கும். ஈரற் சுருக்கத்திலும் சிறுநீரகம் செயலிழந்த நிலையிலும் தாழ்த்திய பங்கு குறைகின்றது. குருதியைப் பொறியினூடு செலுத்திச் சுத்திகரித்தபின் அப்பங்கு ஓரளவு மீளவும் ஏறுகின்றது. நோயின் நிலைக்கேற்ப ஏறியும் இறங்கியும் நிற்கும் இத்தகைய அளவு மருத்துவர்க்கு உவப்பானது.

ஆனால் இங்கும் ஒரு பொறி மறைந்திருந்தது. அச்சிசுத்தீனின் ஒட்சியேற்றம் உடலுக்கு வெளியேயும் நிற்பதில்லை. குருதியை எடுத்துப் பிரித்துக் குழாயில் அடைத்து வைத்தபின்னும் அது தொடர்கின்றது. சாதாரண உறைகுளிர்ப்பெட்டியின் சைபருக்குக் கீழ் 20 பாகையிலே திரவவிழையம் கல்லாய் உறைந்தது போலத் தோன்றினும், உள்ளே தாக்கம் மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014 இல் இதனை எடுத்துக் காட்டினர். நோயாளரின் குருதியை ஓராண்டு அவ்வாறு வைத்திருந்துவிட்டு, நலமுள்ளோரின் குருதியைப் புதிதாக எடுத்து ஒப்பிடுவோர் காண்பது நோயையன்று, குளிர்ப்பெட்டியையே. 80 பாகைக்குக் கீழே வைத்தாலன்றி அவ்வளவை நம்புதற்கில்லை.

அவ்வாய்வாளர் அங்கே நின்றுவிடவில்லை. 34 ஆம் இடத்துச் சிசுத்தீன் எவ்வளவு தூரம் மாறியிருக்கின்றது என்பதையும், அது முற்றாக மாறவிட்டால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அளந்து, அவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து, ஒரு குருதி மாதிரி எடுக்கப்பட்ட நாளிலிருந்து எவ்வளவு நேரம் குளிரின்றிக் கிடந்தது என்று மதிப்பிடும் முறையொன்றை 2019 இல் வெளியிட்டனர். ஆகவே, பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த குருதிக் களஞ்சியங்களிலிருந்து ஒரு குழாயை எடுக்கும் ஆய்வாளர், நோயைப் பற்றி அதனிடம் யாதொன்றும் கேட்குமுன், அக்குழாய் காக்கப்பட்ட வகையைப் பற்றி இந்த ஒற்றைக் கந்தக அணுவிடம் கேட்டறியலாம்.